கார்டு மேல் தப்பில்லை: நங்கநல்லூரில் ஒரு லினக்ஸ் கணினியின் நெட்வொர்க் கோளாறு

நங்கநல்லூரில் இருக்கும் என் அத்தை, பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே பிழைதிருத்தம் செய்கிறார். பதிப்பகத்திலிருந்து வரும் கோப்புகளை இறக்கித் திருத்தி, மறுபடி ஏற்றி அனுப்புவது அன்றாட வேலை. பழைய டெஸ்க்டாப் கணினி, அதில் லினக்ஸ் மின்ட் 21. வைஃபை கிடையாது. டிவிக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிள் நேராகக் கணினிக்கு வருகிறது. அமைப்பு இவ்வளவுதான். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

புகாரை அத்தை சொன்னபடியே தருகிறேன். "நெட் இருக்குடா, ஆனா வேலை செய்ய மாட்டேங்குது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தானா வந்துடுது." விசாரித்ததில் இன்னும் சில விவரங்கள் கிடைத்தன. முடங்கும்போது திரையின் மூலையில் உள்ள இணைப்புக் குறி மாறுவதில்லை. வீடியோ காலில் பேத்தியின் முகம் உறைந்து நிற்கும், அரை நிமிடம் கழித்துப் பேச்சு தொடரும். ஆனால் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது முடங்கினால் அது மீள்வதில்லை, முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கைபேசியில் வைஃபை எப்போதும் சரியாகவே இருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி என்றால், "பொங்கலுக்கு அப்புறம்தான்." பகலில் எப்போது வேண்டுமானாலும் வரும், மாலையில் கூடுதல்.

வீடியோ மீள்கிறது, கோப்பு மீள்வதில்லை என்ற வேறுபாட்டை நான் அப்போது எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் காரணம் கடைசியில்தான் புரிந்தது.

எனக்கு முன் வந்தவர்கள்

இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து ஃபைபர் முனையைத் துடைத்திருக்கிறார். லேன் கேபிளின் இரண்டு தலைகளையும் வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்திருக்கிறார். பிறகு தன் கைபேசியை வைஃபையில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் ஓடவிட்டு, "பாருங்கம்மா, ஃபுல் ஸ்பீட் வருது" என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். கைபேசியில் புகாரே இல்லை என்பது அவருக்குப் பொருட்டாகப் படவில்லை.

அடுத்து, தெருவில் கணினி சர்வீஸ் செய்பவர். விஷயம் தெரிந்தவர். போர்டிலேயே உள்ள ரியல்டெக் நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்8169 டிரைவரை எடுத்துவிட்டு, ஆர்8168 டிரைவரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். இந்த வகை கார்டில் தொல்லை என்றால் பலரும் முதலில் சொல்லும் மருந்து அதுதான். மாற்றமில்லை. "கார்டு போயிடுச்சும்மா, ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு புது கார்டு வாங்கிப் போட்டுடலாம்" என்று சொல்லியிருந்தார்.

இந்தத் தீர்ப்பை அலட்சியமாகத் தள்ள முடியாது. பார்க்கப் போனால், நான் செய்த முதல் சுற்றுச் சோதனைகளும் அவர் பக்கமே நின்றன.

எதுவரை போகிறது?

இணையம் வரவில்லை என்ற புகாரில் முதல் கேள்வி, எதுவரை வருகிறது என்பதுதான். இரண்டு டெர்மினல்களைத் திறந்தேன். ஒன்றில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1-க்குத் தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு பாக்கெட்), இன்னொன்றில் வெளியே 8.8.8.8-க்கு. வெளியே போவது மட்டும் நின்றால் கோளாறு ரவுட்டருக்கு அப்பால். இரண்டும் ஓடிக்கொண்டிருக்க, பெயர் சொல்லி அழைக்கும் தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் கோளாறு டி.என்.எஸ்-இல், அதாவது தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவையில். இரண்டுமே ஒன்றாக நின்றால் வீட்டுக்குள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றாகவே நின்றன. பிங் காட்டும் வரிசை எண்களில் 212-க்கு அடுத்து 249 வந்தது. நடுவில் 36 பாக்கெட்டுகளுக்குப் பதில் இல்லை. ஒரு விநாடிக்கு ஒன்று என்பதால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக, வெளி உலகம், டி.என்.எஸ், ஃபைபர் மூன்றும் வழக்கிலிருந்து விலகின. மிஞ்சியவை கணினி, ஒரு கேபிள், ரவுட்டர்.

இங்கே பிங் என்ன சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். லினக்ஸ் கணினிக்கு ரவுட்டரின் வன்பொருள் முகவரியே கிடைக்காமல் போனால், 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரி வரியாக அச்சாகும். இங்கே அது ஒருமுறைகூட வரவில்லை. வெறும் மௌனம். அதாவது ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிகிறது, பாக்கெட்டும் போகிறது, பதில்தான் வரவில்லை.

கேபிள் பக்கம் எத்டூல் கட்டளை, இணைப்பு 1000 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் என்றது. இந்த வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி போனாலே 100-க்கு இறங்கிவிடும், அல்லது இணைப்பே வராது. கார்டின் கணக்கேட்டில் பிழைப் பாக்கெட்டுகள் பூஜ்யம். கெர்னல் பதிவிலும், இணைப்பு அறுந்து ஒட்டியதாக ஒரு வரி இல்லை. வேளச்சேரி, நங்கநல்லூர்ப் பக்கத்தில் மழைக்காலத்துக்குப் பிறகு பச்சை பிடித்த கேபிள் தலைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை பொய் சொல்வதில்லை, பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இங்கே அப்படி எதுவுமில்லை.

மாற்றிப் பார்த்தல்

அப்புறம் மாற்றிப் பார்க்கும் படலம். கேபிளைக் கழற்றி என் மடிக்கணினியில் செருகினேன். அதே கேபிள், ரவுட்டரில் அதே துளை. முடக்கமே இல்லை. எனவே கேபிளும் ரவுட்டரும் சரி. அத்தையின் கணினியை லைவ் யூஎஸ்பியிலிருந்து கிளப்பினேன். வட்டில் உள்ள இயங்குதளம், டிரைவர், அமைப்புகள் எதுவும் இதில் சேராது. முடக்கம் வந்தது. எனவே மென்பொருள் காரணமில்லை. கடைசியாக, யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றை அத்தையின் கணினியில் போட்டு, அதே கேபிளை அதில் இணைத்தேன். முடக்கம் போய்விட்டது.

கேபிள் சரி, ரவுட்டர் சரி, மென்பொருள் சரி, வேறு கார்டு போட்டால் சரி. இதற்கு மேல் என்ன வேண்டும்? சர்வீஸ்காரர் சொன்னபடி கார்டுதான். பெரும்பாலோர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கார்டும் வாங்குவார்கள், கோளாறும் போகும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நல்ல கார்டு ஒன்று குப்பைக்குப் போயிருக்கும், அவ்வளவே.

என்னை நிறுத்தியது அந்த அரை நிமிடம். சூடேறி மடியும் சில்லு ஒன்று, ஒரு பிழைகூடப் பதியாமல், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் தானே எழுந்து உட்காராது. கால அளவு வைத்து வந்து போகும் கோளாறு என்றால், எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று பொருள். மென்பொருளில்தான் கடிகாரங்கள் இருக்கும்.

இன்னொன்று. ஒரு பொருளை மாற்றும்போது அந்தப் பொருள் மட்டும் மாறுவதில்லை. என் மடிக்கணினி, யூஎஸ்பி அடாப்டர் இரண்டுக்கும் வேறு வேறு மேக் முகவரிகள், அதாவது வன்பொருள் முகவரிகள். மேக் முகவரி மாறினால் ரவுட்டர் கொடுக்கும் ஐபி முகவரியும் மாறும். லைவ் யூஎஸ்பியில் கார்டு அதேதான், எனவே மேக் அதே, ஐபியும் அதே. சோதனை முடிவுகளை இப்படி வைத்துப் பார்த்தேன். முடங்கிய இரண்டு முறையும் கணினியின் முகவரி 192.168.1.108. முடங்காத இரண்டு முறையும் வேறு முகவரி. அப்படியானால் குற்றவாளி கார்டாக இருக்கலாம், அல்லது 108-ஆக இருக்கலாம். நான் செய்த சோதனைகளில் எதுவும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவில்லை.

பிரிப்பது சுலபம். போர்டில் உள்ள பழைய கார்டுக்கு, யாரும் பயன்படுத்தவில்லை என்று பார்த்துக்கொண்டு, 192.168.1.150 என்ற முகவரியைக் கையால் கொடுத்தேன். 'செத்துப்போன' கார்டு பிரமாதமாக ஓடியது. பிறகு கேபிளை யூஎஸ்பி அடாப்டருக்கு மாற்றி, அதற்கு 192.168.1.108-ஐக் கொடுத்தேன். சில நிமிடங்களில் அடாப்டரும் முடங்கியது.

கார்டு விடுதலை. மிச்சமிருந்தது முகவரி.

ஒரே வரி, இரண்டு கைகள்

பழைய கார்டையே 108-இல் திரும்ப வைத்து, டிசிபிடம்ப் ஓடவிட்டேன். கம்பியில் போகிற வருகிற பாக்கெட்டுகளை அப்படியே காட்டும் கருவி அது. முடங்கியதும் பிங் கேள்விகள் ஒவ்வொன்றாக வெளியே போவது தெரிந்தது, பதில் ஒன்றும் இல்லை. பிறகு கணினி, ஒரு ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியை விசாரிக்கும் ஏ.ஆர்.பி கேள்வி ஒன்றை அனுப்பியது: '192.168.1.1 யார்? 192.168.1.108-க்குச் சொல்லவும்.' ரவுட்டர் உடனே பதில் தந்தது. அடுத்த கணமே பிங் பதில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு முடக்கமும் இந்தக் கேள்வி பதிலோடுதான் முடிந்தது.

விசித்திரம் என்னவென்றால், சில முடக்கங்களின் தொடக்கத்திலும் அதே வரி இருந்தது. எழுத்துக்கு எழுத்து அதே கேள்வி, '192.168.1.108-க்குச் சொல்லவும்.' முடக்குவதும் மீட்பதும் ஒரே வரி என்றால் எப்படி?

டிசிபிடம்ப் சாதாரணமாக ஐபி முகவரியை மட்டும் காட்டும். அதற்குக் கீழே உள்ள வன்பொருள் முகவரிகளையும் காட்ட, கழித்தல் குறியோடு 'ஈ' என்ற சின்ன எழுத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் புதிர் அவிழ்ந்தது. முடக்கத்தை முடித்த கேள்வி, அத்தையின் கார்டிலிருந்து போனது, அதன் மேக் முகவரி 41 என்று முடியும். முடக்கத்தைத் தொடங்கிய கேள்வி, 77 என்று முடியும் வேறொரு மேக் முகவரியிலிருந்து வந்திருந்தது. வீட்டில் இன்னொருவரும் தன்னை 108 என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உறுதி செய்ய மடிக்கணினியை வைஃபையில் இணைத்து, அங்கிருந்து 108-க்கு ஆர்பிங் செய்தேன், அதாவது ஏ.ஆர்.பி கேள்விகளை நானே அனுப்பிப் பார்த்தேன். இந்தக் கருவி முதல் பதில் வந்ததும் அந்த ஒருவரிடம் மட்டுமே தொடர்ந்து கேட்கும். எனவே எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லும் 'பி' விருப்பத்தைச் சேர்ப்பது நல்லது. ஒரு கேள்விக்கு இரண்டு பதில்கள் வந்தன, ஒன்று 41-இலிருந்து, மற்றது 77-இலிருந்து. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஏ.ஆர்.பி பட்டியலும் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தபோது, 108-க்கு எதிரே சில நேரம் 41, சில நேரம் 77. முடக்கம் நடக்கும்போதெல்லாம் 77.

அத்தையின் கணினியில் மட்டும் உட்கார்ந்து எத்தனை நாள் பார்த்திருந்தாலும் இந்தப் பட்டியல் தெரிந்திருக்காது. 77-க்காரர் சில சமயம் கேள்வியை ஊருக்கே கேட்கும்படி கேட்கிறார், சில சமயம் ரவுட்டரிடம் நேராகக் கேட்கிறார். நேராகக் கேட்பது வேறு துளையில் இருக்கும் கணினிக்கு வந்து சேராது. சில முடக்கங்களுக்கு மட்டும் தொடக்க வரி தெரிந்ததன் காரணம் அதுதான். பதில் வராத கோளாறில், பதில் அனுப்ப வேண்டியவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவர் பக்கம் போய்ப் பார்த்தாக வேண்டும்.

யார் அந்த 77?

மேக் முகவரி 48 பிட். அதன் முதல் பாதியான 24 பிட்டுகளை ஐ.இ.இ.இ அமைப்பு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கித் தருகிறது. அந்தப் பகுதியைத் தேடினால் எந்த நிறுவனத்தின் சாதனம் என்பது தெரிந்துவிடும். தேடினேன், கண்காணிப்பு கேமரா தயாரிக்கும் நிறுவனம் என்று வந்தது.

"அத்தை, வீட்ல கேமரா போட்டிருக்கீங்களா?"

"ஆமா, பொங்கலப்போ உங்க அத்தான் வந்தான்ல, அப்போ போட்டுட்டுப் போனான். வாசல்ல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. அதுக்கும் நெட்டுக்கும் என்னடா சம்பந்தம்? அது பரண் மேல இல்ல இருக்கு."

கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி பரண் மேல்தான் இருந்தது. அங்கிருந்து சுவரோரமாக ஒரு வெள்ளைக் கேபிள் இறங்கி, டிவிக்குப் பின்னால் மறைந்து, ரவுட்டரின் நான்காவது துளையில் முடிந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த மேக் முகவரி 77 என்று முடிந்தது.

பெங்களூரில் இருக்கும் அத்தானுக்கு ஃபோன் செய்தேன். நான் எதற்காகக் கூப்பிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் தன் புகாரை ஆரம்பித்துவிட்டார். "நீ அங்கதான் இருக்கியா? அப்படியே அந்தக் கேமராவையும் பாருடா. பகல்ல எப்பப் பார்த்தாலும் ஆஃப்லைன்னு வருது. ராத்திரி நல்லா வேலை செய்யுது." அத்தை இரவு கணினியை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். மாலையில் அலுவலகம் முடிந்ததும் அத்தான் கேமராவைப் பார்க்கத் திறப்பார், அப்போது டிவிஆர் அதிகமாகப் பேசும், அத்தையின் கணினி அதிகமாக முடங்கும். இருவரும் தினமும் ஃபோனில் பேசுகிறவர்கள். இவர் நெட் என்றார், அவர் கேமரா என்றார். இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள் என்று தோன்ற வாய்ப்பே இல்லாமல் போயிருக்கிறது.

கடைசிச் சோதனை, கோளாறை நம் கையால் வரவழைப்பது. டிவிஆரின் கேபிளை உருவினேன், முடக்கம் நின்றது. செருகி, அத்தானைக் கேமரா பார்க்கச் சொன்னேன், முடங்கியது. திரும்ப உருவினேன், நின்றது. கோளாறு போனதைக் காட்டிலும், சொன்னபடி திரும்பி வந்ததைத்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வேன்.

உள்ளே நடந்தது

சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பத்தில் மாட்டாத கொரியர்க்காரர் இருக்க மாட்டார். ஒரே தெருவில் பழைய 12 ஒன்று, புதிய 12 ஒன்று. கடைசியாக யார் கையசைத்து 'இதுதான் 12' என்றாரோ, அவர் வீட்டில் எல்லாப் பார்சலும் இறங்கும். ரவுட்டர் செய்ததும் அதுவே.

ஐபி முகவரியை வைத்து மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும் முறை ஏ.ஆர்.பி. 1982-இல் ஆர்.எஃப்.சி 826 என்ற ஆவணத்தில் வகுக்கப்பட்டது. 'இந்த ஐபி யாருடையது' என்று கேட்டால், உரியவர் 'என்னுடையது' என்பார், கேட்டவர் குறித்துக்கொள்வார். கேள்வி கேட்பவரும் அதிலேயே தன் ஐபி, மேக் இரண்டையும் சொல்வதால், கேட்கப்பட்டவரும் குறித்துக்கொள்வார். சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இதில் கிடையாது. எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பி எழுதப்பட்ட விதி.

டிவிஆர் ரவுட்டரிடம் ஏதோ கேட்கிறது. 'சரி, 108 என்றால் 77' என்று ரவுட்டர் மாற்றிக்கொள்கிறது. அந்தக் கணத்திலிருந்து அத்தையின் கணினிக்கு வர வேண்டிய பதில்கள் எல்லாம் பரண் மேல் போகின்றன. கணினிக்கு இது தெரியாது, அது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. லினக்ஸ், தான் அறிந்த ஓர் அண்டைச் சாதனத்தின் மேக் முகவரியை 15 முதல் 45 விநாடி வரை ஏதோ ஒரு நேரத்துக்கு நம்பும். அதன் பிறகும் பதிலுக்கான அறிகுறி இல்லையென்றால் 5 விநாடி பொறுத்து, மறுபடி ஏ.ஆர்.பி கேள்வி கேட்கும். அந்தக் கேள்வியைக் கண்ட ரவுட்டர், '108 என்றால் 41' என்று திருத்திக்கொள்ளும். நான் தேடிய கடிகாரம் இதுதான். இப்போது பதில் கிடைக்காமல் தவிப்பது டிவிஆர். அதற்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதுவும் கேட்கும், சுற்று மறுபடி தொடங்கும்.

பிங் ஏன் 'அன்ரீச்சபிள்' என்று சொல்லவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஏ.ஆர்.பி கேள்விக்கான பதிலை, கேட்டவரின் மேக் முகவரிக்கே ரவுட்டர் நேராக அனுப்பிவிடும். எனவே ஏ.ஆர்.பி ஒருபோதும் தோற்கவில்லை, அதற்கு மேலே உள்ளவைதான் வழி தவறின.

சரி, கோப்பு ஏற்றம் மட்டும் ஏன் மீளவில்லை? அது டி.சி.பி-யில் ஓடுவது, முதலில் ஒரு இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பேசும் முறை. டிவிஆருக்கும் தன் முகவரி 108 என்றே நினைப்பு. பதிப்பகத்தின் சர்வரிலிருந்து டி.சி.பி பாக்கெட் ஒன்று அதன் கைக்கு வருகிறது. இப்படி ஒரு இணைப்பை நாம் தொடங்கவே இல்லையே என்று பார்த்து, விதிப்படி 'ரீசெட்' பாக்கெட் அனுப்புகிறது. அது 108-இலிருந்து, அதே போர்ட் எண்ணோடு போவதால், ரவுட்டரும் உரிய இணைப்பின் பகுதி என்று நினைத்து வெளியே விடுகிறது. சர்வர் இணைப்பை முறித்துக்கொள்கிறது. வீடியோ கால் பெரும்பாலும் யு.டி.பி-யில் ஓடுவது. அதில் முறிக்க இப்படி ஒரு இணைப்பே இல்லை. அரை நிமிடம் பாக்கெட் வராவிட்டால் படம் உறையும், வந்தால் ஓடும். அத்தை முதல் நாளே சொன்ன வேறுபாடு இது.

விண்டோஸாக இருந்தால், ஐபி முகவரி மோதுகிறது என்று திரையில் ஒரு அறிவிப்பாவது வந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டி, 'என் முகவரியை இன்னார் பயன்படுத்துகிறார்' என்று பதிவேட்டில் எழுதிவைக்கும். லினக்ஸ் கெர்னல் இந்த விஷயத்தில் வாயே திறக்காது. மோதலைக் கண்டுபிடிக்க 2008-இல் ஆர்.எஃப்.சி 5227 என்று ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரிலும் அதற்கான 'டாட் டைம்அவுட்' அமைப்பு உண்டு. அத்தையின் கணினியில் அது அணைந்திருந்தது. லினக்ஸை எனக்குப் பிடிக்கும், ஆனால் இந்த மௌனத்துக்குச் சால்ஜாப்பு சொல்லத் தோன்றவில்லை.

108 எப்படி வந்தது

அத்தையின் கணினிக்கு முகவரி கொடுத்தது ரவுட்டரின் டி.எச்.சி.பி, அதாவது சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் ஏற்பாடு. வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருள், மேக் முகவரியை வைத்துக் கணக்கிட்டு ஒரு ஐபியைத் தேர்ந்தெடுக்கும். எனவே ஒரு கணினிக்கு வருஷக்கணக்கில் அதே எண் வருவது சாதாரணம். அத்தைக்கு வாய்த்தது 108.

டிவிஆர் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. கேமரா சாதனங்களில் 192.168.1.64, 192.168.1.108 போன்ற முகவரிகள் தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது வழக்கம். பொருத்துபவர் அதை மாற்ற வேண்டும், அல்லது டி.எச்.சி.பி-க்கு விட வேண்டும். இங்கே செருகிப் பார்த்திருக்கிறார், அத்தானின் கைபேசியில் படம் வந்திருக்கிறது, வேலை முடிந்தது. அந்த நேரம் அத்தையின் கணினி அணைந்திருந்திருக்க வேண்டும்.

ஒரு முகவரியைக் கொடுப்பதற்கு முன் அது காலியா என்று சர்வர் பிங் செய்து பார்க்க வேண்டும் என்று 1997-இன் ஆர்.எஃப்.சி 2131 பரிந்துரைக்கிறது. ஆனால் அது புதிதாகக் கொடுக்கும்போது. டிவிஆர் வருவதற்கு முன்பே 108 அத்தையின் கணினி பெயரில் இருந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் புதுப்பித்தல், அப்போது யாரும் கதவைத் தட்டிப் பார்ப்பதில்லை.

சரிசெய்தது

டிவிஆரின் அமைப்பை மாற்றுவதே நேர் வழி. ஆனால் அதன் நிர்வாகக் கடவுச்சொல் பொருத்தியவரிடம் இருந்தது, அவர் வர நாளாகும் என்றார். அதனால் ரவுட்டர் பக்கம் போனேன். டி.எச்.சி.பி கொடுக்கும் முகவரிகளின் வரம்பு 192.168.1.2 முதல் 254 வரை என்று இருந்தது. முடிவை 99 ஆக்கினேன். இனி 100-க்கு மேல் ரவுட்டர் யாருக்கும் கொடுக்காது. கையால் முகவரி வைத்துக்கொள்ளும் சாதனங்கள் அந்தப் பகுதியில் இருந்துகொள்ளலாம். நெட்வொர்க் மேனேஜரில் இணைப்பை அணைத்துப் போட்டதும் கணினிக்கு 61 கிடைத்தது. டிவிஆர் தன் 108-உடன் அப்படியே இருந்தது.

அன்று மாலை அத்தான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை வீடியோ காலில் பேத்தியுடன் பேசினார். பின்னணியில் பிங் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு எண்கூட விடுபடவில்லை. சர்வீஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது, இதே மாதிரி கார்டு மாற்றிச் சரியான வீடுகள் சிலவற்றை அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. புதுக் கார்டு போட்டிருந்தால் புது மேக், புது ஐபி, கோளாறு நிச்சயம் போயிருக்கும்.

வரம்பைக் குறைத்தது மட்டும் போதாது. நிறுவனத்துக்காரர்கள் ரவுட்டரை மாற்றினாலோ, பின்னால் இருக்கும் ரீசெட் பொத்தானை யாராவது அழுத்தினாலோ வரம்பு பழையபடி 254-க்குப் போய்விடும். அடுத்து 108 யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது, அத்தையின் கைபேசியாகக்கூட இருக்கலாம். எனவே பொருத்தியவர் வந்ததும் டிவிஆரை டி.எச்.சி.பி-க்கு மாற்றச் சொன்னேன். அதன் மேக் முகவரிக்கென்று ரவுட்டரில் ஒரு எண்ணையும் ஒதுக்கிவைத்தேன். அத்தையின் கணினியில் 'டாட் டைம்அவுட்' அமைப்பையும் திறந்துவிட்டாயிற்று. கையோடு டிவிஆரின் கடவுச்சொல்லைக் கேட்டால், அது தொழிற்சாலையில் வைத்தது, பெட்டியோடு வந்த தாளில் அச்சாகியிருக்கிறது. அதையும் அன்றே மாற்றினோம். புதியதை அத்தான் தன்னிடம் வைத்திருக்கிறார், அத்தை தன் டைரியில் எழுதிவைத்திருக்கிறார்.